சமூகப்பணி படிக்க வருகிறவர்களுக்கு: முதலில் படுக்கைக்குப் பக்கத்தில் நிற்பவரிடம் கற்றுக்கொள்ளுங்கள்

சமூகப்பணி முதுகலைப் படிப்பான எம்.எஸ்.டபிள்யூ. சேர்ந்து சில வாரங்களிலேயே களப்பணிக்கு அனுப்பிவிடுவார்கள். கழுத்தில் அடையாள அட்டை, கையில் கல்லூரிக் கடிதம், பையில் ரெக்கார்டு நோட்டு. போய் நிற்கும் இடம் அரசு மருத்துவமனை வார்டாக இருக்கலாம், முதியோர் இல்லமாக இருக்கலாம், மனநலக் காப்பகமாக இருக்கலாம். போனதும் எல்லோரும் தேடுவது மேலாளரின் அறையைத்தான். அனுமதி வாங்க அங்கே போகத்தான் வேண்டும். ஆனால் வேலை கற்றுக்கொள்ள வேண்டிய இடம் வார்டின் உள்ளே இருக்கிறது. துணி மாற்றி, ஊட்டிவிட்டு, புரட்டிப் படுக்கவைத்துக்கொண்டிருக்கும் பராமரிப்புப் பணியாளரான அந்த அக்காவோ அண்ணனோதான் உங்கள் முதல் ஆசிரியர்.

சமூகப்பணிப் படிப்புக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். பராமரிப்புப் பணியில் சில வருடங்கள் இருந்துவிட்டு, மேலே படிக்கலாமா என்று யோசிப்பவர்களுக்கும் இதில் விஷயம் இருக்கிறது.

இரண்டு வேலைக்கும் ஒரே வேர்

இந்தியாவில் சமூகப்பணியைத் தொழிலாகக் கற்பிக்கும் முதல் பள்ளி 1936இல் பம்பாயில் தொடங்கியது. இன்றைய டாடா சமூக அறிவியல் நிறுவனம் அதுதான். 1946இல் அதே நகரத்து ஜே.ஜே. மருத்துவமனையில் நாட்டின் முதல் மருத்துவ சமூகப்பணியாளர் நியமிக்கப்பட்டார். சென்னையில் மேரி கிளப்வாலா ஜாதவ் 1952இல் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் ஒர்க்கைத் தொடங்கினார். மருத்துவமனைக்குள் சமூகப்பணியாளர் வந்ததற்குக் காரணம் எளிமையானது. மருந்து கொடுத்து அனுப்பிய நோயாளி, வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமல் திரும்பி வந்துகொண்டே இருப்பார். அந்த வீட்டில் யார் பார்த்துக்கொள்வார்கள் என்ற கேள்வியை மருத்துவர் கேட்க முடியாது, கேட்க நேரமும் இல்லை. அதைக் கேட்கத்தான் ஓர் ஆள் தேவைப்பட்டார். பராமரிப்பைப் பற்றிய கேள்விதான் நம்முடைய முதல் கேள்வி.

முதல் செமஸ்டரிலேயே பீஸ்டெக்கின் ஏழு கொள்கைகளை மனப்பாடம் செய்வீர்கள். ஃபெலிக்ஸ் பீஸ்டெக் அமெரிக்கப் பாதிரியார். 1957இல் அவர் வகுத்தவை இன்றும் பாடத்தில் இருக்கின்றன: ஒவ்வொருவரையும் தனி மனிதராகப் பார்ப்பது, உணர்வைச் சொல்ல இடம் கொடுப்பது, நம் உணர்வைக் கட்டுக்குள் வைப்பது, அப்படியே ஏற்றுக்கொள்வது, தீர்ப்புச் சொல்லாமல் இருப்பது, அவர் முடிவை அவரே எடுக்க விடுவது (சுயநிர்ணயம்), ரகசியம் காப்பது. தேர்வில் இவை பதினைந்து மதிப்பெண் கேள்வி. நல்ல பராமரிப்புப் பணியாளர் இவை ஏழையும் பெயர் தெரியாமலே கையால் செய்துகொண்டிருப்பார். "ஐயா, இப்போ இடது பக்கமா திருப்பப் போறேன், சரிங்களா?" என்று கேட்டு, அவர் தலையசைத்த பிறகுதான் தொடுவார். துணி மாற்றுமுன் கதவைச் சாத்துவார். சுயநிர்ணயம் என்று நாம் எழுதுவது இதைத்தான்.

கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது கேட்க வேண்டியது

எந்தப் பட்டம் முடித்திருந்தாலும் பெரும்பாலான கல்லூரிகளில் எம்.எஸ்.டபிள்யூ. சேரலாம்; இரண்டு வருடம். பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்களுக்கு இளங்கலைப் படிப்பான பி.எஸ்.டபிள்யூ. இருக்கிறது. கட்டடத்தையும் வேலைவாய்ப்புப் பட்டியலையும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். களப்பணி வாரத்தில் எத்தனை நாள், ஒரு பேராசிரியருக்கு எத்தனை மாணவர்கள், வாரம் ஒருமுறை தனியாக உட்கார்ந்து பேசுவாரா என்று கேளுங்கள். இதற்குத் தெளிவான பதில் தராத கல்லூரியை நான் பரிந்துரைக்க மாட்டேன். சீனியர்களிடம் விசாரித்தால் பத்து நிமிடத்தில் உண்மை தெரிந்துவிடும்.

இரண்டாம் ஆண்டில் பிரிவு எடுக்க வேண்டும். மனிதவளப் பிரிவுக்குக் கூட்டம் அதிகம், அதில் தவறில்லை. மருத்துவ மற்றும் மனநலப் பிரிவுக்குப் போக நினைப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017 'மனநல சமூகப்பணியாளர்' என்று சொல்வது, முதுகலைக்கு மேல் அந்தத் துறையில் இரண்டாண்டு முழுநேர எம்.ஃபில். முடித்தவரை. எம்.எஸ்.டபிள்யூ. மட்டும் முடித்து மனநல மையத்தில் வேலை பார்க்கலாம், ஆனால் சட்டத்தில் உள்ள அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ள முடியாது. மருத்துவத் துறையில் உள்ள சமூகப்பணியாளர்களை, துணை மருத்துவத் தொழில்களுக்கான 2021ஆம் ஆண்டுச் சட்டம் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது.

முதல் இரண்டு வாரம்: படிவத்தை மூடி வையுங்கள்

களப்பணியின் முதல் நாளே கேஸ் எடுக்க வேண்டும் என்ற பதற்றம் எல்லா மாணவர்களுக்கும் இருக்கும். வேண்டாம். முதல் இரண்டு வாரம் பராமரிப்புப் பணியாளர் ஒருவரோடு அவருடைய முழு ஷிஃப்ட்டும் இருக்க அனுமதி கேளுங்கள். "அக்கா, உங்க கூட இருந்து பாக்கறேன், இடைஞ்சலா இருந்தா சொல்லுங்க" என்று நேரடியாகக் கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். படித்த பிள்ளை தன்னிடம் கற்றுக்கொள்ள வருவது அவர்களுக்கு அடிக்கடி நடப்பதல்ல.

என்ன பார்க்க வேண்டும்? பக்கவாதம் வந்து படுக்கையில் இருக்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம்.

படுக்கைப்புண் வராமல் இருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைப்பார்கள். குதிகால், இடுப்பெலும்பு, முதுகின் அடிப்பகுதி, தோள்பட்டை, முழங்கை, பின்னந்தலை என்று எலும்பு துருத்தும் இடங்களையெல்லாம் தினமும் பார்ப்பார்கள். சிவந்திருக்கும் இடத்தை விரலால் அழுத்தி எடுத்தால் ஒரு கணம் வெளுக்க வேண்டும். வெளுக்கவில்லை என்றால் புண் தொடங்கிவிட்டது. நம் ஊர்க் கறுத்த தோலில் சிவப்பு சரியாகத் தெரியாது. அதனால் அனுபவமுள்ள அக்காமார்கள் கண்ணை நம்ப மாட்டார்கள். புறங்கையை வைத்து, சுற்றியுள்ள தோலைவிடச் சூடாக இருக்கிறதா, கெட்டியாக இருக்கிறதா என்று பார்ப்பார்கள். அந்த இடத்தைத் தேய்த்துவிடக் கூடாது என்பதும் அவர்களுக்குத் தெரியும். சாப்பாடு கொடுக்கும்போது நிமிர்த்தி உட்காரவைத்து, முடிந்த பிறகும் அரை மணி நேரம் சாய விடமாட்டார்கள். தண்ணீர் குடிக்கும்போதெல்லாம் இருமல் வருகிறதா என்று கவனிப்பார்கள். சிறுநீர்ப் பை எப்போதும் இடுப்புக்குக் கீழே தொங்கும், தரையில் படாது.

இதில் எதையும் நீங்கள் பயிற்சியில்லாமல் செய்யக் கூடாது. மூக்குக் குழாய் வழியாக ஊட்டுவது, மருந்து கொடுப்பது, புண்ணுக்குக் கட்டுப் போடுவது உங்கள் வேலையல்ல. கூடமாட ஒரு கை பிடிக்கச் சொன்னால் பிடியுங்கள், கைகழுவிவிட்டு.

சரி, செய்யப் போவதில்லை என்றால் ஏன் இவ்வளவு உன்னிப்பாகப் பார்க்க வேண்டும்?

உடம்பிலிருந்து வீட்டுக்கு

இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்ட வேண்டும் என்பது உங்களுக்கு உறைத்துவிட்டால், வீட்டுக்குப் போனதும் உங்கள் முதல் கேள்வியே மாறிவிடும். இரவு பத்து மணிக்கு, பன்னிரண்டு மணிக்கு, இரண்டு மணிக்கு, நான்கு மணிக்கு எழுந்திருப்பது யார்? ஒரே மருமகள் என்றால் அவர் தொடர்ந்து மூன்று மணி நேரம்கூடத் தூங்கவில்லை. பகலில் கட்டட வேலைக்கோ பனியன் கம்பெனிக்கோ போகிறார் என்றால் எத்தனை நாள் போக முடிகிறது? சம்பளம் எவ்வளவு குறைந்தது? பள்ளிக்கூடம் போகும் பெண்பிள்ளை அம்மாவுக்கு உதவ லீவு போடுகிறதா? பாட்டியின் முதுகில் உள்ள ஒரு புண், மருமகளின் தூக்கம் வழியாகப் பேத்தியின் படிப்பு வரை போகும். இந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு போவதுதான் சமூகப்பணியாளரின் தனித் திறமை. கோட்டின் முதல் முனை பராமரிப்புப் பணியாளரின் கையில் இருக்கிறது.

இருவரும் பிரியும் இடமும் இதுதான். பராமரிப்புப் பணியாளர் ஒருவரோடு பன்னிரண்டு மணி நேரம் இருக்கிறார். அவர் பார்வை ஆழமானது. நீங்கள் ஒரு மணி நேரம்தான் இருக்கிறீர்கள். ஆனால் தாலுகா ஆபீஸ், ரேஷன் கடை, பள்ளிக்கூடம், பக்கத்து வீடு வரை உங்களால் போக முடியும். ஒருவர் பார்த்ததை மற்றவர் கேட்காவிட்டால் இரண்டுமே வீண்.

வீட்டுக்குப் போகும்போது

போன் செய்து நேரம் கேட்டுவிட்டுப் போங்கள். குளிப்பாட்டும் நேரம், சமையல் நேரம் வேண்டாம். செருப்பை வெளியே விடுங்கள். பாய் போட்டால் பாயில் உட்காருங்கள். நோயாளி தரையில் படுத்திருக்கும்போது நாற்காலியில் உட்கார்ந்து குனிந்து பேசாதீர்கள்.

தண்ணீர் கொடுத்தால் குடியுங்கள். இது சின்ன விஷயமாகத் தெரியலாம். நம் ஊரில் ஒரு வீட்டில் தண்ணீரை மறுத்தால் அதற்கு என்ன பொருள் என்று அந்த வீட்டாருக்குத் தெரியும். தலைமுறை தலைமுறையாகப் பார்த்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு நீங்கள் சமத்துவம் பற்றி என்ன பேசினாலும் காதில் ஏறாது. வயிறு ஒத்துக்கொள்ளாது என்ற கவலை இருந்தால், "டீயா குடுங்கம்மா" என்று கேட்டுக் குடியுங்கள்.

முதலில் நோயாளியிடம் பேசுங்கள். பேச்சு வராதவராக இருந்தாலும் அவர் முகத்தைப் பார்த்து, பெயரும் வந்த காரணமும் சொல்லிவிட்டுத்தான் மற்றவர்களிடம் திரும்ப வேண்டும். அப்புறம், "உங்க பிரச்சினை என்ன?" என்று தொடங்காதீர்கள். அந்தக் கேள்விக்கு "ஒண்ணுமில்ல" என்றுதான் பதில் வரும். "நேத்து ராத்திரி எப்படிப் போச்சும்மா?" என்று கேட்டுப் பாருங்கள். படுத்தது, எழுந்தது, ஈரத்துணி மாற்றியது, அழுதது என்று ஒவ்வொன்றாக வெளியே வரும். நேற்று ஒரு நாளை முழுதாகக் கேட்டால் மாதத்தின் கதை தெரிந்துவிடும். இந்தக் கேள்வியைப் பராமரிப்புப் பணியாளர்கள் ஷிஃப்ட் மாறும்போது ஒருவரையொருவர் தினமும் கேட்டுக்கொள்கிறார்கள். அவர்களிடமிருந்து அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

நோட்டில் என்ன எழுதுவது

நல்ல ஹோம் நர்ஸ் ஒருவரின் நோட்டைப் பார்க்கக் கிடைத்தால் பாருங்கள். நேரம், என்ன சாப்பிட்டார், எவ்வளவு, சிறுநீர், மலம், எந்தப் பக்கம் படுக்கவைத்தது, எந்த மாத்திரை, யார் வந்து பார்த்தார்கள். அவ்வளவுதான். 'சரியாகச் சாப்பிடவில்லை' என்று இருக்காது. 'இரண்டு இட்லியில் ஒன்று, அரை டம்ளர் பால்' என்று இருக்கும். அடுத்த ஷிஃப்ட்டில் வருபவர் அதை வைத்துத்தான் வேலை செய்ய வேண்டும் என்பதால் அதில் வர்ணனைக்கு இடமில்லை.

நம் மாணவர்களின் ரெக்கார்டில் அடிக்கடி வரும் வாக்கியம் ஒன்று: 'மருமகள் மாமியாரிடம் அக்கறையின்றி நடந்துகொள்கிறார்.' இது தீர்ப்பு. அதே காட்சியை இப்படி எழுதலாம்: 'நான் 11 மணிக்குப் போனபோது மாமியாரின் சேலை நனைந்திருந்தது. மருமகள் அப்போதுதான் வேலையிலிருந்து வந்ததாகச் சொன்னார். காலை 6 மணிக்கு மாற்றிவிட்டுப் போனதாகவும், இடையில் ஆள் இல்லை என்றும் சொன்னார். பேசிக்கொண்டே துணியை மாற்றினார்.' இரண்டாவதைப் படிக்கும் சூப்பர்வைசருக்கு அடுத்து என்ன செய்யலாம் என்பது தெரியும்: காலை ஆறுக்கும் பதினொன்றுக்கும் நடுவே ஓர் ஆள் வேண்டும். முதலாவதைப் படித்தால் மருமகள்மேல் கோபம் மட்டும்தான் வரும்.

பார்த்தது, அவர்கள் சொன்னது, நீங்கள் நினைத்தது ஆகிய மூன்றையும் தனித்தனியாக எழுதப் பழகுங்கள். உங்கள் நினைப்பையும் எழுதலாம், எழுத வேண்டும். ஆனால் அது உங்கள் நினைப்பு என்று தெரிய வேண்டும். அன்று இரவே எழுதுங்கள். வார இறுதியில் மொத்தமாக எழுதும் ரெக்கார்டில் எல்லா வீடும் ஒரே வீடாகிவிடும்.

ரகசியமும் அதன் எல்லையும்

கேட்டதை வெளியே சொல்லக் கூடாது. பஸ்ஸில் தோழியிடம் பெயர் சொல்லிப் பேசுவது, நோயாளியோடு எடுத்த படத்தை ஸ்டேட்டஸில் வைப்பது இரண்டும் தவறு. ரெக்கார்டில் உண்மைப் பெயரை எழுதாதீர்கள்.

ஆனால் "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று ஒருபோதும் வாக்குக் கொடுக்காதீர்கள். ஒரு குழந்தை பாலியல் வன்முறைக்கு ஆளானது தெரிந்தால், போக்ஸோ சட்டம் 2012இன் 19ஆம் பிரிவின்படி அதைத் தெரிந்த யாராக இருந்தாலும் போலீசில் தெரிவித்தே ஆக வேண்டும். மாணவருக்கும் விலக்கில்லை, பராமரிப்புப் பணியாளருக்கும் விலக்கில்லை. குழந்தைகளுக்கான உதவி எண் 1098. உயிரை மாய்த்துக்கொள்ளும் பேச்சைக் கேட்டால் தனியாகச் சுமக்காதீர்கள். அவரைத் தனியே விடாமல் உடனே சூப்பர்வைசரைக் கூப்பிடுங்கள், 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் எந்நேரமும் பேசலாம். பெரியவர்களை அடிப்பது, பட்டினி போடுவது, சொத்தை எழுதி வாங்கிவிட்டுக் கைவிடுவது தெரிந்தால் முதியோர் உதவி எண் 14567. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007இன்படி கோட்டாட்சியரிடம் மனுக் கொடுக்கலாம் என்பதையும் சொல்லுங்கள். மனுக் கொடுப்பதா வேண்டாமா என்பதை அந்தப் பெரியவர்தான் முடிவு செய்ய வேண்டும். பிள்ளைமேல் மனுக் கொடுக்கப் பல அம்மாக்கள் மனம் ஒப்ப மாட்டார்கள். அவசரப்படுத்தாதீர்கள், அடுத்த வாரமும் போய்ப் பாருங்கள்.

எந்தக் கதவைத் தட்டுவது

ஆறுதல் சொல்வது எல்லோராலும் முடியும். சமூகப்பணியாளருக்குக் கதவுகள் தெரிந்திருக்க வேண்டும். மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய திட்டம். சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் வீட்டுக்கு வரும், நோய்த்தணிப்புச் செவிலியரும் இயன்முறை மருத்துவரும் வீட்டுக்கே வருவார்கள். உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய், யார் வருகிறார்கள், எந்தக் கிழமை வருகிறார்கள் என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். முதியோர் உதவித்தொகைக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். கோப்பு போவது சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியரிடம். மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கும் பராமரிப்பு உதவித்தொகைக்கும் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம். அறுவை சிகிச்சை, பெரிய மருத்துவச் செலவு என்றால் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம்.

இந்த அலுவலகங்களுக்கு நீங்கள் ஒருமுறையாவது நேரில் போய் வரிசையில் நின்றிருக்க வேண்டும். எந்த ஜன்னல், என்ன சான்று, ஜெராக்ஸ் எத்தனை என்று தெரியாமல் ஒரு படுக்கை நோயாளியின் குடும்பத்தை அங்கே அனுப்பினால், அவர்கள் இழப்பது ஒரு நாள் கூலி.

பராமரிப்பவரும் பராமரிக்கப்பட வேண்டியவர்தான்

ஏஜென்சி மூலம் வீடுகளுக்குப் போகும் பெண்கள் பலர் இருபத்து நான்கு மணி நேர வேலையில் இருக்கிறார்கள். எங்கே தூங்குகிறார், சாப்பாடு தனியா, வார விடுப்பு உண்டா, ஏஜென்சி எவ்வளவு பிடித்துக்கொள்கிறது என்று பேச்சுவாக்கில் கேளுங்கள். பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. இல்லாதவராக, ஐம்பத்தொன்பது வயதுக்கு உட்பட்டவராக இருந்தால் அமைப்புசாராத் தொழிலாளர்களுக்கான இ-ஷ்ரம் அட்டைக்குப் பதிவு செய்ய உதவலாம். பத்து வருடமாகப் பிறரைத் தூக்கியதால் இடுப்பு போனவர்கள் நிறையப் பேர். முழங்காலை மடக்கி, சுமையை உடம்போடு ஒட்டித் தூக்க வேண்டும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. பார்த்துப் பார்த்துக் கற்றவர்கள்தான். இயன்முறை மருத்துவர் வரும் நாளில், தூக்கும் முறையை அக்காவுக்கும் சேர்த்துக் காட்டச் சொல்லுங்கள்.

அவர்களுக்கு உத்தரவு போடாதீர்கள். படிப்பு உங்களிடம் இருப்பதால் வீட்டுக்காரர்கள் உங்கள் பேச்சைக் கேட்பார்கள், அக்காவின் பேச்சைக் கேட்க மாட்டார்கள். அந்தச் செல்வாக்கை அவருக்காகப் பயன்படுத்துங்கள். "இந்தச் சிவப்பை முதலில் கண்டுபிடித்தது அக்காதான்" என்று குடும்பத்தார் முன்னால் சொல்வது உங்களால் முடியும்.

நோயாளி இறந்துபோகும் நாள் வரும். கல்லூரியில் உங்களுக்குத் தனிச் சந்திப்பு இருக்கிறது, குழுக் கூட்டம் இருக்கிறது, அழலாம், பேசலாம். ஆறு மாதம் குளிப்பாட்டி ஊட்டிவிட்டவருக்கு மறுநாளே வேறு வீட்டு முகவரி வரும். அன்று அவருக்கு ஒரு போன் செய்யுங்கள்.

பராமரிப்புப் பணியிலிருந்து படிக்க வருகிறவர்களுக்கு

ஜெனரல் டியூட்டி அசிஸ்டென்ட், ஹோம் ஹெல்த் எய்டு போன்ற திறன் பயிற்சிகளை முடித்து வேலை பார்ப்பவர்கள், வேலையை விடாமல் படிக்க வழி இருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருந்தால் இந்திரா காந்தி தேசிய திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் தொலைநிலையில் பி.எஸ்.டபிள்யூ., பட்டம் இருந்தால் எம்.எஸ்.டபிள்யூ. சேரலாம். தொலைநிலை என்றாலும் களப்பணி கட்டாயம். சேருமுன் படிப்பு மையத்தில் களப்பணிக்கு வழிகாட்டுபவர் யார், எந்த நாட்களில் செய்யலாம் என்று கேட்டுவிடுங்கள். ஷிஃப்ட்டோடு அது ஒத்துவராமல் பாதியில் நிறுத்தியவர்கள் உண்டு. ஆங்கிலப் பாடநூல் பயமாக இருக்கலாம். கோட்பாட்டுப் பகுதி முதலில் கடினம்தான், ஆனால் மற்ற மாணவர்களுக்கு இரண்டு வருடம் கழித்து வரும் கைப்பழக்கம் உங்களுக்கு ஏற்கெனவே இருக்கிறது. வகுப்பில் வாய் திறந்து அதைச் சொல்லுங்கள்.

களப்பணி முடியும்போது

செமஸ்டர் முடிந்ததும் காணாமல் போகிற மாணவர்களால் குடும்பங்களுக்கு அடுத்து வரும் மாணவர்மேலும் நம்பிக்கை போய்விடுகிறது. ஒரு மாதம் முன்பே தேதியைச் சொல்லுங்கள். முடித்தது எது, பாதியில் நிற்பது எது என்று குடும்பத்தோடும் அக்காவோடும் உட்கார்ந்து பட்டியல் போடுங்கள். உதவித்தொகை விண்ணப்ப எண், சுகாதாரத் தன்னார்வலரின் போன், அடுத்த மருத்துவமனைத் தேதி எல்லாவற்றையும் பெரிய எழுத்தில் தமிழில் ஒரு தாளில் எழுதுங்கள். ஒரு பிரதி வீட்டுக்கு, ஒன்று பராமரிப்புப் பணியாளருக்கு, ஒன்று உங்களுக்குப் பிறகு வரும் மாணவருக்கு. அந்த மாணவரைக் கடைசி வாரத்தில் நேரில் கூட்டிக்கொண்டு போய், முதலில் அக்காவிடம் அறிமுகம் செய்யுங்கள்.